ஐந்து ஷில்லிங்: விக்டோரியா கால நாவல்களில் ஏழைகள்

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1854இல் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் சிஸ்ஸி ஜூப் என்றொரு சிறுமி வருவாள். சர்க்கஸ்காரர் ஒருவரின் மகள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அவளிடம் கேட்கிறார்: இந்த வகுப்பறையை ஒரு பெரிய நகரம் என்று வைத்துக்கொள். அதில் பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். வருஷத்துக்கு இருபத்தைந்து பேர்தான் தெருவில் பட்டினியால் சாகிறார்கள். இந்த விகிதத்தைப் பற்றி என்ன சொல்கிறாய்? சிஸ்ஸி யோசித்துப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் பத்து லட்சம் பேராக இருந்தாலும் சரி, கோடிக்கணக்கில் இருந்தாலும் சரி, செத்துப்போனவர்களுக்கு அது ஒரே அளவு கொடுமையாகத்தானே இருந்திருக்கும் என்கிறாள். விடை தப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அந்தக் குழந்தையும் நம்பி அழுகிறது.

விக்டோரியா காலத்து (அரசி விக்டோரியா ஆண்ட 1837–1901) நாவலாசிரியர்கள் ஏழைகளைப் பற்றி ஏன் அவ்வளவு எழுதினார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். அது எண்களின் காலம். மான்செஸ்டரில் 1833இலும் லண்டனில் 1834இலும் புள்ளியியல் சங்கங்கள் தொடங்கப்பட்டன. பாராளுமன்றம் குழு மேல் குழு போட்டு விசாரித்து, நீல அட்டை போட்ட தடித்தடி அறிக்கைகளாக அச்சிட்டுத் தள்ளியது. 1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் மறக்க முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. மான்செஸ்டரில் வசதியான குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 38. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. கைக்குழந்தைகளின் சாவும் இதில் சேர்த்தி, அதனால்தான் எண் அவ்வளவு கீழே போகிறது. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் கூலிக் குடும்பங்களுக்கே சராசரி 38. கிராமத்துக் கூலிக்காரருக்குக் கிடைத்த ஆயுள்தான் மான்செஸ்டர் பணக்காரருக்கே கிடைத்தது என்றால், அந்த நகரத்தின் காற்றும் தண்ணீரும் எப்படி இருந்திருக்கும்?

எண்கள் வீண்போகவில்லை. அதே 1842இல் சுரங்கங்களில் வேலைபார்த்த குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வெளியானது. இடுப்பில் சங்கிலி மாட்டிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டி இழுக்கும் பிள்ளைகளின் படங்களும் அதில் இருந்தன. நாடு அதிர்ந்தது. அந்த வருஷமே பெண்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பின்னாளில் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1845இல் வெளியிட்ட ‘சிபில்’ நாவலுக்கு இந்த வகை அறிக்கைகளிலிருந்தே நிறைய எடுத்துக்கொண்டார். ஒரே அரசியின் கீழ் பணக்காரர், ஏழை என்று இரண்டு தேசங்கள் இருக்கின்றன என்ற அவருடைய பேச்சு இன்றுவரை பிரிட்டிஷ் அரசியலில் அடிபடுகிறது.

ஆக நாவல் எண்ணுக்கு எதிரி அல்ல. எண்ணில் அடங்காத ஒரு வேலையை அது எடுத்துக்கொண்டது: பதினேழு என்ற சராசரிக்குள் எந்த வீடு இருக்கிறது, அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, எரியவில்லை என்றால் எதை அடகு வைத்தார்கள் என்று கூர்ந்து பார்ப்பது. இந்தப் பார்வையில் இந்த எழுத்தாளர்கள் அசாத்தியமான திறமை காட்டினார்கள். ஆனால் அடுத்து என்ன நடக்கும், இந்த மனிதர்கள் தங்கள் நிலையை மாற்ற என்ன செய்வார்கள் என்று கதை கேட்கும் இடத்தில் பெரும்பாலானவர்களின் பேனா தயங்கி நின்றுவிட்டது. அறை உண்மையாக இருக்கிறது, அதிலிருந்து வெளியேறும் வழி பொய்யாக இருக்கிறது. விக்டோரியா கால யதார்த்தவாதத்தின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கஞ்சியும் சட்டமும்

1834இல் ஏழைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஊர்ச் சபைகள் வேலையில்லாதவர்களுக்கும் கூலி போதாதவர்களுக்கும் வீட்டிலேயே ரொட்டியோ காசோ கொடுத்து உதவின. இனி உடம்பில் தெம்புள்ளவர் எவரும் உதவி கேட்டால் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற விடுதிக்குள் வந்தாக வேண்டும் என்பது புதிய சட்டத்தின் நோக்கம். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் வாழ்க்கையைவிட உள்ளே இருக்கும் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சோம்பேறிகள் வர மாட்டார்கள் என்பது அதை வகுத்தவர்களின் தர்க்கம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டார்கள். ஏழைகள் பெருகினால் சோறு போதாது என்ற பொருளாதார அறிஞர் மால்தஸின் வாதம் இதன் பின்னால் இருந்தது.

சட்டம் வந்து மூன்று வருஷம்கூட ஆகாத நிலையில், 1837 பிப்ரவரியில், ‘ஆலிவர் ட்விஸ்ட்’ மாதப் பத்திரிகை ஒன்றில் தொடராக வர ஆரம்பித்தது. டிக்கன்ஸுக்கு அப்போது வயது 25. நம்மில் பலருக்கு இந்தக் கதை சுருக்கப்பட்ட ஆங்கிலத் துணைப்பாடமாகத்தான் அறிமுகம். “இன்னும் கொஞ்சம் வேணும் ஐயா” என்று கிண்ணத்தை நீட்டும் அனாதைப் பையனை எல்லோருக்கும் தெரியும். மூல நூலில் அதற்கு முன்னால் நடப்பது பலருக்குத் தெரியாது. மூன்று வேளையும் நீர்த்த கஞ்சி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி என்பது அங்கே சாப்பாடு. கிண்ணங்களைக் கழுவவே வேண்டியதில்லை, பிள்ளைகள் கரண்டியால் சுரண்டியே பளபளப்பாக்கிவிடுவார்கள் என்கிறார் டிக்கன்ஸ். பசி முற்றி, உயரமான பையன் ஒருவன், தனக்கு இன்னொரு கிண்ணம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவனை ராத்திரியில் தின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள். யார் போய்க் கேட்பது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டு ஆலிவருக்கு விழுகிறது. அந்தப் புகழ்பெற்ற கேள்வி ஒரு தனிப் பையனின் துணிச்சல் அல்ல, ஒரு கூட்டம் எடுத்த முடிவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பசியைப் பற்றி டிக்கன்ஸ் கேள்விப்பட்டு எழுதியவர் இல்லை. அவருக்கு 12 வயதாக இருந்தபோது, 1824இல், கடன் கட்டாததற்காக அவருடைய தந்தையை மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். பையன் தேம்ஸ் கரையில் எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களுக்குக் காகிதம் சுற்றி லேபிள் ஒட்டினான். வாரச் சம்பளம் ஆறு ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங்). புகழின் உச்சியிலும் அவர் இதை ஊருக்குச் சொல்லவில்லை. நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வாசகர்களுக்கு விஷயம் தெரிந்தது.

டிக்கன்ஸ் மிகைப்படுத்திவிட்டார் என்று அப்போதே சொன்னார்கள். அரசு வெளியிட்ட உணவுப் பட்டியல்களில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சில நாட்களில் இறைச்சியும் இருந்தது உண்மைதான். பட்டியலில் இருப்பது தட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. 1845இல் ஆண்டோவர் விடுதி விவகாரம் வெளியே வந்தது. உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் இருந்த ஆண்கள், அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த சதையையும் மஜ்ஜையையும் சண்டை போட்டுக்கொண்டு தின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு அளந்து கொடுக்க வேண்டியதை விடுதி நிர்வாகி திருடியிருந்தார். பாராளுமன்றக் குழு விசாரித்தது. சட்டத்தை நடத்திவந்த ஆணையத்தையே 1847இல் கலைத்தார்கள். கற்பனைக்குக் குறைவில்லாத டிக்கன்ஸுக்கே எலும்புக் காட்சி தோன்றியிருக்கவில்லை.

இவ்வளவு உக்கிரமாக ஆரம்பித்த நாவல் எப்படி முடிகிறது? ஆலிவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவருகிறது. சொத்து கிடைக்கிறது, நல்ல மனிதர் ஒருவர் தத்தெடுக்கிறார். விடுதியிலேயே பிறந்து வளர்ந்த பையன் முதல் பக்கத்திலிருந்தே கனவான் வீட்டு ஆங்கிலம் பேசுவதற்கும் இதுதான் காரணம். அவன் ஏழை இல்லை, தவறுதலாக ஏழைகள் நடுவே வந்து சேர்ந்தவன். சீட்டுப் போட்ட மற்றப் பிள்ளைகளைக் கதை திரும்பிப் பார்க்கவில்லை.

பெர்ரி தெரு நிலவறை

இந்தக் காலத்து நாவல்களில் எனக்கு மிக நெருக்கமானது எலிசபெத் காஸ்கெல் 1848இல் பெயர் போடாமல் வெளியிட்ட ‘மேரி பார்ட்டன்’. மான்செஸ்டரில் யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபைப் போதகர் ஒருவரின் மனைவி அவர். 1845இல் கைக்குழந்தை வில்லியம் காய்ச்சலில் இறந்துபோனான். அந்தத் துக்கத்திலிருந்து மீள எழுதத் தொடங்கினார். கணவரின் சபை வேலையாகத் தொழிலாளர் வீடுகளுக்குள் போய் வந்தவர். மேஜை மேல் என்ன இருந்தது, எது அடகுக்கடைக்குப் போனது, எது முதலில் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாவலில் தொழிலாளர்கள் அந்த வட்டாரத்து லங்காஷயர் பேச்சிலேயே பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் பழைய ஆங்கிலக் கவிஞர்களிடமும் இருந்தவைதான் என்று அவருடைய கணவர் அடிக்குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

ஆறாம் அத்தியாயத்துக்கு வருவோம். கார்சன் என்ற முதலாளியின் மில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் இருக்கிறது, சந்தையும் மந்தம், அதனால் அவருக்கு அவசரம் இல்லை. வேலை இழந்த டேவன்போர்ட் காய்ச்சலில் கிடக்கிறான். மேரியின் அப்பா ஜான் பார்ட்டனும் அவன் நண்பன் வில்சனும் பார்க்கப் போகிறார்கள். தளம் போடாத பெர்ரி தெரு, நடுவில் சாக்கடை, அதில் வீடுகளிலிருந்து ஊற்றும் கழிவு. தெருவுக்குக் கீழே ஒரு நிலவறையில் அந்தக் குடும்பம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, கந்தைத் துணி அடைத்திருப்பதால் பகலிலும் இருட்டு. உள்ளே நுழைந்ததும் நாற்றம் இருவரையும் கீழே தள்ளப் பார்க்கிறது. கண் பழகிய பிறகு தெரிகிறது: மூன்று நான்கு குழந்தைகள் செங்கல் தரையில் உருண்டுகொண்டிருக்கிறார்கள். அந்தத் தரையின் இடுக்கு வழியாகத் தெருச் சாக்கடை ஊறி மேலே வருகிறது. அடுப்பு காலி.

பார்ட்டன் வீட்டுக்கு ஓடுகிறான். தன்னிடமிருந்த நல்ல கோட்டையும், சிவப்பும் மஞ்சளுமான ஒரே ஒரு பட்டுக் கைக்குட்டையையும் எடுக்கிறான். அவன் வீட்டு நகையும் வெள்ளியும் அவைதான் என்று காஸ்கெல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அடகுக்கடையில் ஐந்து ஷில்லிங் கிடைக்கிறது. இறைச்சி, ரொட்டி, மெழுகுவத்தி, விறகுச் சிராய், நிலக்கரி வாங்கிக்கொண்டு திரும்புகிறான்.

மறுநாள் காலை வில்சன் கார்சனின் மாளிகைக்குப் போகிறான், ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு வாங்க. சந்தா கட்டும் பணக்காரர்களிடம்தான் அந்தச் சீட்டு இருக்கும். சமையலறையில் இறைச்சி வாட்டும் வாசனை, காப்பி வாசனை. முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத வில்சன் காத்து நிற்கிறான். உள்ளே அப்பாவும் மகனும் காலைச் சாப்பாட்டில் இருக்கிறார்கள். டேவன்போர்ட் என்ற பெயரைக் கேட்டதும் கார்சன், அப்படி யாரையும் தெரியாதே என்கிறார். மூன்று வருஷத்துக்கு மேல் உங்கள் மில்லில் வேலை பார்த்தவன் ஐயா. இருக்கலாம், பெயர்களெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வது. உள்நோயாளிச் சீட்டு கைவசம் இல்லை, வெளிநோயாளிச் சீட்டு தருகிறேன், திங்கட்கிழமை காட்டச் சொல். மகன் ஹாரி சாப்பிட்டு எழுந்து, போகிற போக்கில் பையிலிருந்து ஐந்து ஷில்லிங் எடுத்து “அந்தப் பாவப்பட்டவனுக்கு” என்று கொடுத்துவிட்டுக் குதிரையேறிப் போகிறான்.

இரண்டு இடத்திலும் அதே ஐந்து ஷில்லிங். காஸ்கெல் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை, வாசகரிடம் விட்டுவிடுகிறார். ஒருவனுக்கு அது வீட்டில் இருந்த மொத்த மதிப்பு. இன்னொருவனுக்குச் சட்டைப் பையில் கிடந்த சில்லறை. ஹாரி கெட்டவன்கூட இல்லை, கொடுக்கத்தான் செய்கிறான். வர்க்க வேறுபாட்டைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களைவிட இந்த இரண்டு ஐந்து ஷில்லிங் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை வருவதற்குள் டேவன்போர்ட் இறந்துவிடுகிறான்.

இந்த நாவலுக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் ‘ஜான் பார்ட்டன்’. தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் பிரதிநிதியாக லண்டன் போய், பாராளுமன்றம் மனுவைக் கேட்கவே மறுத்ததைப் பார்த்துக் கசந்து திரும்பும் தொழிலாளிதான் கதையின் மையம். பதிப்பாளர்கள் தரப்பில் மகள் மேரியின் பெயர் தலைப்பேறியது, காதல் கதைக்கு இடம் பெருகியது. வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தைக்கு வந்த தொழிலாளர்களின் கந்தல் கோலத்தை ஹாரி கேலிச்சித்திரமாக வரைகிறான். அதைக் கண்டு கொதித்த தொழிலாளர்கள் அவனைக் கொல்வதற்குச் சீட்டுப் போடுகிறார்கள், சீட்டு பார்ட்டனுக்கு விழுகிறது. ஆலிவரின் விடுதியில் பசித்த பிள்ளைகள் போட்ட சீட்டு நினைவுக்கு வருகிறதா? கூட்டமாக ஏழைகள் எடுத்த முடிவு அங்கே ஒரு கிண்ணம் கஞ்சி கேட்டது. பதினோரு வருஷம் கழித்து அதே உருவத்தில் அது கொலையாகத் தெரிகிறது. நிலவறையை அவ்வளவு அன்போடு பார்த்த காஸ்கெலுக்கே தொழிற்சங்கம் என்றால் இருட்டறைச் சதியாகத்தான் கற்பனை செய்ய முடிந்தது. கடைசியில் மகனைப் பறிகொடுத்த கார்சன் மன்னிக்க, பார்ட்டன் அவர் கைகளில் சாகிறான். மேரியும் அவள் காதலன் ஜெம்மும் கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். அத்தனைக்குப் பிறகும் புத்தகம் முதலாளிகளுக்கு அநியாயம் செய்துவிட்டது என்று விமர்சகர்கள் தாக்கினார்கள்.

யாருக்காக எழுதினார்கள்

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எழுத்தாளரின் மனத்தை மட்டும் துருவினால் போதாது, விலையையும் பார்க்க வேண்டும். அந்த நூற்றாண்டில் மூன்று பாக நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். விவசாயக் கூலிக்காரரின் வாரச் சம்பளம் நூற்றாண்டின் நடுவில் பத்து ஷில்லிங்கை ஒட்டி இருந்தது. நடுத்தர வர்க்கத்தாரே வாங்க மாட்டார்கள், மூடி என்பவரின் வாடகை நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) கட்டி எடுத்துப் படிப்பார்கள். மூடி வேண்டாம் என்றால் புத்தகம் விற்காது. குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கத் தகுந்ததா என்பது அவருடைய அளவுகோல். ஷில்லிங் விலையில் மாதப் பகுதிகளாகவும் இரண்டு பென்ஸ் வாரப் பத்திரிகையிலும் எழுதி டிக்கன்ஸ் இந்த வட்டத்தை அகலப்படுத்தினார் என்பது உண்மை. ஆனாலும் நாவல் யாரை நோக்கிப் பேசியது என்பதில் சந்தேகமில்லை: வசதியானவரிடம் வசதியற்றவரைப் பற்றிப் பேசியது. அவர்களிடம் இரக்கத்தைக் கேட்கலாம், பயத்தைக் கிளறக்கூடாது. பரம்பரைச் சொத்து, திடீர் உறவு, கனடா, அமைதியான சாவு இவையெல்லாம் எவரையும் பயமுறுத்தாத முடிவுகள்.

டிக்கன்ஸிடமே இதை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1854 ஜனவரியில் பிரெஸ்டன் நகரில் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தை நேரில் பார்க்கப் போனார். தன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அவர்களுடைய ஒழுங்கையும் பொறுமையையும் மெச்சினார். ஆவேசப் பேச்சாளர் ஒருவர் எழுந்தபோது கூட்டத் தலைவர் அவரை அடக்கி உட்காரவைத்ததையும் பதிவு செய்தார். அந்த ஏப்ரலில் தொடராக வர ஆரம்பித்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலிலோ ஸ்லாக்பிரிட்ஜ் என்ற ஆவேசப் பேச்சாளர் கூட்டத்தையே ஆட்டிவைக்கிறார். சங்கத்தில் சேராத நல்லவன் ஸ்டீபன் பிளாக்பூல் ஒதுக்கப்பட்டு, கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் விழுந்து சாகிறான். கண் பார்த்ததைக் கதை ஏற்கவில்லை. சிஸ்ஸியைப் படைத்த அதே புத்தகத்தில் இது நடப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதற்காக அந்த இரக்கத்தைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. 1852–53இல் வந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் தெருக் கூட்டும் சிறுவன் ஜோவிடமிருந்து தொற்றிய நோய் நல்ல வீட்டுப் பெண்ணின் முகத்தைச் சிதைக்கிறது. உங்கள் மாளிகைக்கும் அந்தச் சேரிக்கும் நடுவே காற்று இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்லும் கதையமைப்பு அது. காலராவுக்குப் பயந்து 1848இல்தான் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்திருந்தது. ஜோ இறக்கும் இடத்தில் டிக்கன்ஸ் கதையை நிறுத்திவிட்டு அரசியையும் பிரபுக்களையும் பாதிரிமார்களையும் நேரே விளித்து, இப்படித்தான் நம்மைச் சுற்றி தினமும் சாகிறார்கள் என்கிறார். இன்று படிக்கும்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆனால் ஏழை தானே பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு நாவலைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ 1849இலிருந்து லண்டன் தெருக்களில் வேலை செய்பவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே எழுதினார். நீர்க்கீரைக் கட்டு விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பொம்மைகளையும் பூங்காக்களையும் பற்றிப் பேசப் பார்த்தார். அவள் பேசியதெல்லாம் கட்டு எத்தனை பென்னி, நாளைக்கு மூன்று பென்ஸ் நான்கு பென்ஸ் கிடைக்கும் என்ற வியாபாரக் கணக்கு. தான் குழந்தை இல்லை என்று அவரிடம் சொன்னாள்: இருபது வயது ஆகும்வரை நான் பெரிய பெண்ணாகவும் ஆக மாட்டேன், ஆனால் எனக்கு எட்டு முடிந்துவிட்டது. டிக்கன்ஸின் எந்தக் குழந்தையும் இப்படிப் பேசாது. இவள் வாசகரின் கண்ணீரைக் கேட்கவில்லை, கீரைக்கு விலைதான் கேட்கிறாள்.

ஈஸ்ட் எண்ட்

1880களில் எழுத வந்தவர்களுக்குப் பழைய முடிவுகள் செரிக்கவில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலாவைப் படித்தவர்கள். லண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் எண்டில் வறுமை ஏறிக்கொண்டிருந்தது. சமூக ஆய்வாளர் சார்ல்ஸ் பூத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, லண்டன்வாசிகளில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று காட்டப்போகும் காலம்.

ஜார்ஜ் கிஸ்ஸிங் 1888இல் தன் பிரிந்த மனைவி இறந்து கிடந்த லாம்பெத் அறைக்குப் போனார். கதவில் தொங்கிய நைந்த உடுப்பு, அடகுச் சீட்டுகள், கொஞ்சம் ரொட்டி. இதை உண்டாக்கும் சமூக அமைப்புக்கு எதிராக இனி சாட்சி சொல்வதை நிறுத்த மாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு, சில வாரங்களில் ‘தி நெதர் வேர்ல்டு’ நாவலை ஆரம்பித்தார். அதில் ஏழைப் பெண் ஜேனுக்குச் சொத்து வரப்போகிறது என்ற பழைய கதைச்சரடு இருக்கிறது. அந்தச் சொத்து ஒவ்வொருவரையும் கெடுக்கிறது, கடைசியில் அவளுக்கு வந்து சேரவும் இல்லை. ஆலிவருக்குக் கிடைத்த கதவைக் கிஸ்ஸிங் அடைத்துவிட்டார். வேறு கதவு திறக்க அவரிடமும் நம்பிக்கை இல்லை.

மார்கரெட் ஹார்க்னஸ் என்ற பெண் ஜான் லா என்ற புனைபெயரில் 1887இல் ‘எ சிட்டி கேர்ள்’ என்ற சிறிய நாவலை வெளியிட்டார். வைட்சேப்பல் பகுதித் தையல்காரி ஒருத்தியை வசதியானவன் ஏமாற்றிவிட்டுப் போகிறான். அவள் குழந்தை இறக்கிறது, பழைய காதலன் ஏற்றுக்கொள்கிறான். புத்தகத்தைக் கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸுக்கு அனுப்பினார். 1888 ஏப்ரலில் எங்கெல்ஸ் எழுதிய பதில் இலக்கியக் கோட்பாட்டில் நிலைத்துவிட்டது: யதார்த்தவாதம் என்பது விவரங்களின் உண்மை மட்டும் அல்ல, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மனிதர்களை உண்மையாகக் காட்டுவதும்தான். உங்கள் கதையில் தொழிலாளர்கள் தங்களுக்கு உதவிக்கொள்ளத் தெரியாத செயலற்ற கூட்டமாக இருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு ஒரு சலுகையும் தந்தார்: நாகரிக உலகத்தில் லண்டன் ஈஸ்ட் எண்ட் அளவுக்கு விதிக்குத் தலைவணங்கிக் கிடக்கும் தொழிலாளர்கள் வேறெங்கும் இல்லை, அதனால் நீங்கள் செய்தது சரியாகவும் இருக்கலாம்.

கடிதம் போய்ச் சுமார் மூன்று மாதத்தில், ஜூலையில், அதே ஈஸ்ட் எண்டில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர்கள் நிலையைப் பற்றி எழுதியவர் அன்னி பெசன்ட், பின்னாளில் அடையாறுக்கு வந்து தங்கி, பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அதே அம்மையார். நான்கு ஷில்லிங் வாரக் கூலியில் கால் அழுக்காக இருந்ததற்கு அபராதம் பிடித்ததை அவர் எழுதினார். இயந்திரத்தில் விரல் வெட்டுப்படாமல் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் போட்டு, இயந்திரத்தைப் பார், விரலைப் பார்க்காதே என்று சொன்னதையும் எழுதினார். பெண்கள் போராடி ஜெயித்தார்கள், சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு லண்டன் துறைமுகத்தையே நிறுத்தினார்கள். நாவலாசிரியரும் எங்கெல்ஸும் செயலற்றவர்கள் என்று பார்த்த இடத்தில்தான் இத்தனையும் நடந்தது. அந்தத் தையல்காரியின் அடுத்த தெருவில் இந்தத் தீப்பெட்டிப் பெண்களும் இருந்திருக்கக்கூடும் என்ற கோணம் அந்த நாவலுக்குள் வரவில்லை. விவரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எதைத் தேடிப் பார்க்கிறோம் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

ஆர்தர் மாரிசன் 1896இல் எழுதிய ‘எ சைல்ட் ஆஃப் தி ஜாகோ’ இந்த வரிசையில் மிகக் கடுமையானது. ஷோர்டிட்ச் அருகே இருந்த ஓல்ட் நிக்கல் என்ற சேரிதான் கதையில் ஜாகோ. மாரிசன் ஈஸ்ட் எண்டில் பாப்ளர் பகுதியில் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர், அதை வெளியே சொல்லாமல் மறைத்தவர். டிக்கி பெரட் என்ற சிறுவனிடம் பெரியவர் ஒருவர், இங்கிருந்து வெளியேற சிறை, தூக்குமரம், இல்லாவிட்டால் பெரிய திருடர்களின் கூட்டம், இவற்றைத் தவிர உனக்கு வழியில்லை என்கிறார். ஒரு கடைக்காரர் வேலை கொடுக்க, டிக்கி கொஞ்ச காலம் ஒழுங்காகவும் வாழ்கிறான், பிறகு அதுவும் பறிபோகிறது. பதினேழு வயதில் தெருச் சண்டையில் கத்திக்குத்துப்பட்டுச் சாகும்போது, வேறொரு வழி இருக்கிறது, இன்னும் நல்ல வழி என்று அந்தப் பெரியவரிடம் சொல்லச் சொல்கிறான். சாவுதான் அந்த வழி. மிகைப்படுத்துகிறார் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அந்தப் பகுதிப் பாதிரியார் ஆர்தர் ஆஸ்பர்ன் ஜே உடன் அங்கே மாதக்கணக்கில் சுற்றியவர் என்பதால் மாரிசன் விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தகம் வந்தபோதே ஓல்ட் நிக்கலை இடித்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் கவுன்டி கவுன்சில் அந்த இடத்தில் பவுண்டரி எஸ்டேட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. நடுவில் பூங்கா, அதைச் சுற்றிச் செங்கல் கட்டடங்கள், இன்றும் இருக்கின்றன. 1900இல் இளவரசர் வந்து திறந்து வைத்தார். அந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 5,719 பேர். புதுக் குடியிருப்பில் இடம் பிடித்த பழையவர்கள் 11 பேர். வாடகையும் விதிகளும் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நிலையான சம்பளம் உள்ள கைவினைஞர்களும் குமாஸ்தாக்களும் குடியேறினார்கள், மற்றவர்கள் பெத்னல் கிரீனின் பக்கத்துத் தெருக்களில் ஏற்கனவே நெரிசலாக இருந்த அறைகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள்.